பத்து வருஷ எர்த்

மிளகை ஒரு கடி கடித்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார் மிளகு வியாபாரி மஹ்ரூப். உக்குவளையிலிருந்து கலேவெல வரைக்கும் அந்தப் பல்லுக்கு ஒரு பேர் இருந்தது. மூட்டையை அவிழ்க்கும்போதே தோட்டக்காரர்கள் அவருடைய வாயைத்தான் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட வாய்க்குத் தன் சொந்த வீட்டில் வேலை இல்லாமல் செய்தவன் ஒருவன் உண்டென்றால், அது சகலன் றிஸ்கான்.

றிஸ்கான், மஹ்ரூபின் மனைவி கைறுன்னிஸாவின் தங்கை ஜெஸ்லாவைக் கட்டியவன். மாமனார் மவுத்தாகிக் கண்மூடுவதற்கு முன்னால் தன் பழைய வீட்டின் நடுவே ஒரு சுவரை எழுப்பி, மூத்தவளுக்கு இடது பாதி, இளையவளுக்கு வலது பாதி என்று பிரித்துவிட்டுப் போனார். சகலன்கள் இருவரும் ஒரே சுவரின் இரு பக்கமும் தலை வைத்துப் படுக்கத் தொடங்கி ஒன்பது வருஷமாகிறது. அதில் ஆறு வருஷம் றிஸ்கான் கட்டாரில் இருந்தான். அதனால் மஹ்ரூபுக்கு நல்ல தூக்கம் வந்தது.

திரும்பி வந்தவன் சும்மா வரவில்லை. ஒரு சர்டிபிகட்டும் மஞ்சள் நிற மீட்டர் ஒன்றும் கொண்டுவந்தான். பழைய வீடு, வாடகை வீடு எதுவானாலும் போய், பிளக் பொயின்ட் ஒவ்வொன்றிலும் மீட்டரைக் குத்திப் பார்த்து, வயரிங் எப்படி என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கிற வேலை. முன்பெல்லாம் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் பைப்பில் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். இப்போது "றிஸ்கான் செக் பண்ணினதா?" என்று கேட்கிறார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடும் நேரத்தில்கூட அவனைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். மஹ்ரூப் தன் செருப்பைத் தானே தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

ஊர் போற்றினால் போற்றட்டும். வீட்டுக்குள்ளும் அதே கதை என்பதுதான் அவரைத் தின்றது. கைறுன்னிஸா "றிஸ்கான் தம்பி சொன்ன" என்று ஆரம்பித்தால் அவருக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில்கூட அணையாத எரிச்சல். பத்தொன்பது வருஷம் கூடக் குடித்தனம் செய்தவள், ஒரு நாளாவது "எங்கட வீட்டுக்காரர் சொன்ன" என்று யாரிடமும் சொல்லி அவர் கேட்டதில்லை.

இப்படியிருக்க, மஹ்ரூப் வீட்டு மேல்மாடி இரண்டு அறைகளையும் வாடகைக்குக் கேட்டு நிரோஜா டீச்சர் வந்தாள். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. உக்குவளைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருந்தாள். அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் புடிச்சிருக்குங்க மொதலாளி. கரண்ட் செக் பண்ணின ரிப்போர்ட் ஒன்னு இருந்தா காட்டுங்க" என்றாள்.

"ரிப்போர்ட்டா? டீச்சர், இது என்ட மாமனார் கட்டின வீடு. அம்பது வருஷமா ஒருத்தருக்கும் ஒன்டும் ஆகல்ல."

"அந்த அம்பது வருஷத்துக்குத்தாங்க பயமா இருக்கு. முந்தி இருந்த வீட்டுல தண்ணி மோட்டர் அடிச்சு எங்க வீட்டுக்காரரு ஒரு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தாரு."

மஹ்ரூப் விடவில்லை. "சரி, ரிப்போர்ட்ட விடுங்க. ஜன்னலுக்கெல்லாம் புதுச் சீல போட்டுத் தாறன்."

"ஜன்னல் சீல கரண்ட் அடிக்காதுங்களே மொதலாளி."

அதுவரை கதவுக்குப் பின்னால் நின்ற கைறுன்னிஸா முன்னே வந்தாள். "அதுக்கென்ன டீச்சர், எங்கட றிஸ்கான் தம்பி ஈக்குதானே. ஞாயித்துக்கெழம வந்து பாத்துத் தருவார்."

எங்கட. மஹ்ரூப் அந்தச் சொல்லை மிளகைப் போலக் கடித்துப் பார்த்தார். ஈரம் கூடுதலாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை றிஸ்கான் மீட்டரோடு வந்தான். அவன் வருகிறான் என்று கைறுன்னிஸா முட்டையும் கருப்பட்டியும் அடித்து வட்டிலப்பம் அவித்திருந்தாள். போன மாதம் அதே வட்டிலப்பத்தை மஹ்ரூப் வாய்விட்டுக் கேட்டபோது வீட்டில் முட்டை இல்லை. இப்போது கோழிகளெல்லாம் றிஸ்கானுக்காகக் காத்திருந்து முட்டையிட்டிருக்க வேண்டும்.

"தாத்தா, இதெல்லாம் என்னத்துக்கு, நான் என்ன வெளியாளா" என்று மனைவியின் அக்காவிடம் சொல்லிக்கொண்டே அவன் இரண்டு துண்டு சாப்பிட்டான். பிறகு கூரைக்குள் ஏறி, மெயின் சுவிட்சைத் திறந்து, பிரிட்ஜை நகர்த்தி, பின்வளவு மண்ணில் குனிந்து, மத்தியானம் வரை பார்த்தான். மஹ்ரூப் அவன் பின்னாலேயே நடந்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தார். அவன் கழற்றிய ஆணியைக்கூடத் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் நகர்ந்தான்.

ரிப்போர்ட்டை நிரோஜா டீச்சர், பாடம் நடத்துகிற குரலில், எல்லாருக்கும் கேட்கப் படித்தாள்.

"ஒன்னு, கரண்ட் கசிஞ்சா தானா அணைஞ்சிடுற ட்ரிப் சுவிட்ச் இந்த வீட்டுல இல்ல, ஒடனே போடணும். ரெண்டு, கீழ் வீட்டுப் பிரிட்ஜ் பழசு, ஒடம்புல கரண்ட் கசியுது. எர்த் கம்பி அதை மண்ணுக்குள்ள எறக்கிட்டு இருக்கறதால தொட்டா தெரியல்ல. மூனு, ரெண்டு வீட்டுக்கும் ஒரே எர்த். கம்பி மஹ்ரூப் அவர்களின் வளவுல இருக்கு. ஒரு வீட்டுக் கோளாறு மத்த வீட்டையும் தொடக்கூடும். தனித்தனியா போடுவது நல்லது."

"வாற கெழம நானே வந்து எல்லாத்தையும் செஞ்சி தாறன் நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் றிஸ்கான். "சல்லி ஒன்டும் வாணாம்."

"பாத்தீங்களா, புள்ளட மனச" என்றாள் கைறுன்னிஸா.

மஹ்ரூப் மனசைப் பார்க்கவில்லை. அவருடைய காதில் மூன்றாவது விஷயம் மட்டும்தான் விழுந்திருந்தது. அவன் வீட்டுக் கம்பி என் வளவுக்குள் வந்திருக்கிறது. எர்த் என்றால் மண் என்பது வியாபாரிக்குத் தெரியாதா? அவனுடைய எர்த் என்னுடைய எர்த்துக்குள் ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறது. பத்து வருஷம் தடையில்லாமல் ஆண்டால் ஆண்டவனுக்கே காணி என்று கோர்ட்டில் தீர்ப்பாகும். வஹகோட்டையில் ஒருவன் அடுத்தவன் வேலியில் மிளகுக் கொடியைப் படரவிட்டே வேலியைத் தன்னதாக்கிக்கொண்டதை இவரே பார்த்திருக்கிறார். வருகிற டிசம்பரோடு பத்து முடிகிறது. இப்போது அவன் தன் கையெழுத்தோடு ரிப்போர்ட்டும் எழுதிவிட்டான். சல்லி வேண்டாம் என்று எவனாவது சும்மா சொல்வானா? விலை சொல்லாத சரக்குக்குத்தான் விலை அதிகம்.

இதில் இன்னொரு கணக்கும் உள்ளே கிடந்தது. அதை அவர் தனக்கே சத்தமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. எர்த் நன்றாக இருக்கிறது என்று அவன் எழுதியிருக்கிறான். நாளைக்கு அது நன்றாக இல்லை என்று வந்தால், கைறுன்னிஸாவின் முகம் எப்படி மாறும்?

புதன்கிழமை றிஸ்கான் தம்புள்ளையில் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தான். மஹ்ரூப் கடையைப் பிந்தித் திறந்தார். பின்வளவில் கம்பியைச் சுற்றி மண்வெட்டியால் கொத்தி, ஆடும் பல்லை ஆட்டுவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். நாலடிச் செப்புக் கம்பி, பாசி பிடித்துப் பச்சையாக வெளியே வந்தது. அதில் பூட்டியிருந்த வயரைக் கழற்றிச் சுருட்டி, மேலே ஒரு பூச்சட்டியை வைத்து மறைத்தார். கம்பி மிளகு மூட்டைகளுக்கிடையில் போய்ப் படுத்தது. தன் மூக்கை அறுத்து எதிராளிக்குச் சகுனத்தடை செய்த ஆளின் கதையை மஹ்ரூப் பலருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்றைக்கு அது ஏனோ ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்று பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்கு அவர் வீட்டில்தான் இருந்தார். கைறுன்னிஸா தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒழு எடுத்துவிட்டு, ஈரக் கையும் ஈரக் காலுமாக, நோயாளி மாமி ஒருத்திக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய கஞ்சியை எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தாள். "அல்லாஹ்" என்று பாதிச் சத்தம்தான் வந்தது. அதற்குள் அவள் சுவரோரம் போய் விழுந்திருந்தாள். மஹ்ரூப் ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைத்தார். வலது கை தொங்கியது. உதடு வெளுத்திருந்தது. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"என்ன செய்யுது? சொல்லு, என்ன செய்யுது?"

அவள் கண்ணைத் திறந்தாள். "றிஸ்கான் தம்பியக் கூப்பிடுங்க" என்றாள்.

சாவின் வாசலில் இருந்து திரும்பி வந்தவள் முதலில் கூப்பிட்ட பேர் அது. அந்த நேரத்திலும் அவருக்கு அது சுட்டது. இருந்தும் எழுந்தார். பின்வளவுச் சுவரோரம் போய்க் கூப்பிட்டார்.

தம்புள்ளையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த றிஸ்கான், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தான். "ஒங்கட தாத்தாவுக்குப் பிரிட்ஜ் அடிச்சிட்டு" என்றார் மஹ்ரூப். சுவரில் வைக்கப்போன கோப்பை கீழே விழுந்தது.

"தாத்தாவுக்கு எப்படி?"

"பேசுறா. கைதான் மரத்தீக்கு."

றிஸ்கானின் முகத்தில் ரத்தமே இல்லை. "எர்த்த மூனு தரம் மீட்டர் வெச்சுப் பாத்தனே நானா. அப்ப என்ட மீட்டர்ல பிழை. என்ட பிழைதான். இனி நான் எந்த மூஞ்சியோட இன்னொரு வீட்டுக்குள்ள போற? வாழ்நாளைக்கும் இந்த மீட்டரத் தொட மாட்டன்."

அவன் கட்டாரிலிருந்து திரும்பிய நாள் முதல் மஹ்ரூப் கேட்க ஏங்கிய வார்த்தை அது. கேட்ட விலையை அவனே கொடுத்துவிட்டான், பேரம்கூடப் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். இன்று சாயந்தரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கைறுன்னிஸா இனி அந்தப் பேரைச் சொல்லவே மாட்டாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், குளியலறையிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அது யார்?" என்றார் மஹ்ரூப்.

"ஜெஸ்லா. குளிக்கிறா. சுடுதண்ணி ஹீட்டர் போட்டு..." றிஸ்கான் மீட்டரை எடுக்க உள்ளே திரும்பினான்.

ஒரு வீட்டுக் கோளாறு மத்த வீட்டையும் தொடக்கூடும் என்று டீச்சர் படித்த வரி மஹ்ரூபின் காதில் பாடக் குரலிலேயே ஒலித்தது. பிரிட்ஜின் கரண்ட் போக மண் இல்லாமல், எர்த் வயர் வழியே சுவரைத் தாண்டி, அந்த ஈரப் பைப்பில் போய்க் காத்திருக்கும்.

"றிஸ்கான். மீட்டர் சரி. கம்பிய நான்தான் புடுங்கின. இண்டைக்குக் காலையில."

றிஸ்கான் ஏன் என்று கேட்கவில்லை. "ஜெஸ்லா, பைப்பத் தொடாத, தொடாத" என்று கத்திக்கொண்டே சுவரை எகிறிக் குதித்து, மஹ்ரூபை இடித்துத் தள்ளிக்கொண்டு அவர் வீட்டுக்குள் ஓடி, மெயின் சுவிட்சை இழுத்து அடைத்தான். அந்தப் பக்கமிருந்து ஜெஸ்லாவின் குரல் வந்தது. "என்னத்துக்கு இப்படிக் கத்துற? மூஞ்செல்லாம் சவுக்காரம், பைப்பத்தான் தேடுறன்." மஹ்ரூப் பூச்சட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கைறுன்னிஸாவைச் சுற்றி இருந்தார்கள். றிஸ்கான் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தரம் நெஞ்சைப் பார்த்துக்கொள்வதுதான் நல்லது என்று ஆட்டோவுக்கு போன் பண்ணினான். தலையில் துவாய் சுற்றியபடி ஜெஸ்லா ஓடி வந்து அக்காவின் கையைத் தேய்த்தாள். அவளுடைய வீட்டு ட்ரிப் சுவிட்ச்சும் இந்தக் கரண்ட்டைப் பிடித்திருக்காது, வேறு வீட்டிலிருந்து வருவதை அது அறியாது என்று றிஸ்கான் தாழ்ந்த குரலில் சொன்னான்.

கைறுன்னிஸாதான் கேட்டாள். "என்னத்துக்குப் புடுங்கின?"

மஹ்ரூப் பத்து வருஷ ஆட்சியைச் சொன்னார். வஹகோட்டை வேலியைச் சொன்னார். டிசம்பரைச் சொன்னார். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சொத்தையான சரக்காகத் தெரிந்தது. வட்டிலப்பத்தை மட்டும் சொல்லவில்லை.

"ஒங்கட எர்த்தா?" என்றாள் கைறுன்னிஸா. "இந்த வளவு உறுதிப் பத்திரத்துல எங்கயாச்சும் ஒங்கட பேர் ஈக்கா? இது எனக்கு வாப்பா தந்த மண். அது என்ட தங்கச்சிட மண். எங்கட மண்ணுக்கு நீங்க ரெண்டு பேரும் வந்து சண்டையா?"

"நான் சண்ட போடல்ல தாத்தா" என்றான் றிஸ்கான்.

"நீங்க சும்மா இரிங்க தம்பி." பிறகு கணவனைப் பார்த்தாள். கோபத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் அந்தப் பார்வையில் இருந்தது. "வாயத் தொறந்து சொன்னீங்களே, அது போதும். சொல்லாம விட்டீந்தா ஜெஸ்லா மவுத்து. நானும் ஒங்களோட பேசீக்க மாட்டன்."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று மஹ்ரூப் ஆட்டோவில் ஆஸ்பத்திரி வரை யோசித்துக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குறை ஒன்றுமில்லை என்றார்கள். மறு ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ் பழைய சாமான்காரனின் லொறியில் ஏறியது. ட்ரிப் சுவிட்ச் பூட்டியாயிற்று. இரண்டு வீட்டுக்கும் இரண்டு புதுக் கம்பி, சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கைறுன்னிஸா சொன்னபடி, குழி இரண்டையும் மஹ்ரூப்தான் வெட்டினார். மாலையில் றிஸ்கான் மீட்டரை வைத்து இரண்டையும் ஓம் கணக்கில் அளந்தான். நிரோஜா டீச்சர் புது ரிப்போர்ட்டை எதிர்பார்த்து மேல்மாடிப் படியில் நின்றாள்.

"ஒங்கட பக்கம் எத்தன?" என்றார் மஹ்ரூப், மண்ணைத் தட்டிக்கொண்டே, கேட்காததுபோல் கேட்டு.

"பதினாலு ஓம் நானா."

"என்ட பக்கம்?"

"இருவத்திரெண்டு."

மஹ்ரூபின் மீசை ஓரம் மெல்ல விரிந்தது. "இருவத்திரெண்டு" என்று இன்னொரு தரம், படியில் நிற்பவளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். றிஸ்கான் வாயைத் திறந்தான். பிறகு குனிந்து மீட்டரைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினான்.

"அது கொறஞ்சாத்தான் நல்லமுங்க மொதலாளி" என்றாள் டீச்சர்.

கைறுன்னிஸா சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"தண்ணி ஊத்தினா எறங்குமா?" என்று கேட்டார் மஹ்ரூப்.

"எறங்கும் நானா. ஈரமான மண்ணுதான் நல்லா இழுக்கும்."

ஈரம் அவருக்குத் தெரிந்த விஷயம். வாளியை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனார். ஒரு வாளி ஊற்றினார். இன்னொன்று ஊற்றினார். மூன்றாவது வாளியோடு திரும்பும்போது, பெருவிரலில் எம்பிச் சுவருக்கு மேலால் அந்தப் பக்கத்து மண்ணில் ஈரம் எவ்வளவு என்று எட்டிப் பார்த்தார்.