இரு கையும் பொத்தானில்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே டப்பா மூடித் தொழிற்சாலை இரையத் தொடங்கிவிடும். எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறும், காலடியில் தரை அதிரும், தகரச் சீவல் செருப்பைத் தாண்டிக் குத்தும். வரிசையாக மிஷின்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெண். இடது கையால் தகரத்தை வைத்து வலது கையால் பொத்தானை அழுத்தினால், மேலிருந்து இரும்பு இறங்கி ஒரு மூடியைத் துப்பிவிட்டு ஏறும். மூச்சு விடுவதற்குள் அடுத்த தகரம்.

அந்த வரிசையில் வேகமான கை மின்னலுடையது. அந்தப் பட்டப்பெயரை வைத்ததே சூப்பர்வைசர்தான்.

உண்மையில் அந்த மிஷினை ஒற்றைக் கையால் ஓட்டவே கூடாது. தோள் அகலத்துக்குத் தள்ளி இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் இரும்பு இறங்கும். இரு கையும் பொத்தானில் இருந்தால் விரல் உள்ளே போக வழியில்லை. செய்தவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான். ஆனால் வேகம் வராது. மின்னல்தான் குறுக்குவழி கண்டுபிடித்தாள். உடைந்த பெட்டியின் நீலப் பலகையில் ஒரு கட்டை சீவி, ஒரு பொத்தான் அமுங்கியே இருக்கும்படி செருகினாள். ஊக்கத்தொகை வந்தது. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? வரிசை முழுக்கக் கட்டை ஏறியது. முதலாளியும் சும்மா இல்லை. அவள் வேகத்தையே எல்லோருக்கும் அளவாக்கினார். ஊக்கத்தொகை போயிற்று, கட்டை மட்டும் தங்கிவிட்டது.

சங்கச் செயலாளர், கடைசல் பிரிவில் இருப்பவர், அப்போதே வாசலில் நின்று சொன்னார்: "ரெண்டு கையாலயும் அழுத்துங்கம்மா. விரல் போனா முளைக்காது."

"ரெண்டு கையும் பொத்தான்ல இருந்தா சோத்துல எந்தக் கைய வைக்கிறது?" என்றாள் மின்னல். எல்லோரும் சிரித்தார்கள். அவள் நாத்தனார்தான் அதிகம் சிரித்தாள்.

இப்போது நாத்தனாரின் மிஷின் ஓடாமல் நிற்கிறது. போன வாரம் அவளுடைய இரண்டு விரல்களை அது எடுத்துக்கொண்டது. அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டவள் மின்னல். அவள் மிஷினில் செருகியிருந்த நீலக் கட்டையைச் சீவிக் கொடுத்தவளும் மின்னல். விபத்துக்கு மறுநாள் தன் மிஷினில் மறுபடி கட்டையைச் செருகியவளும் அவளேதான்.  

முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். மேஜைமேல் அந்த நீலக் கட்டை கிடந்தது.

"நாளைக்குத் தொழிலாளர் அதிகாரி விசாரிக்க வர்றார். சொன்ன பேச்சு கேக்காம உன் நாத்தனாரே இதைச் செருகினான்னு சொல்லிடு. ரெண்டு கையால ஓட்டணும்னு செவுத்துலயே எழுதிப் போட்டிருக்கோம்ல?"

"நஷ்ட ஈடுங்கய்யா?"

"அவ தப்புக்கு நான் ஏம்மா குடுக்கணும்? விரல் இல்லாதவளுக்கு இங்க வேலையும் கிடையாது. உனக்கு வரிசைத் தலைவி வேலை காத்திருக்கு. பத்து விரலும் பத்திரமா வச்சிருக்கிறவ நீ."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மின்னலுக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது. ஆனாலும் "சரிங்கய்யா" என்று சொல்லித் தொலைத்தாள்.

மாலையில் நாத்தனாருக்குத் தலை பின்னிவிட்டாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே யாரும் எனக்கு மோதிரம் வாங்கித்தர வேண்டாம் அண்ணி. செலவு மிச்சம்."

மின்னலின் கை பின்னலில் நின்றுவிட்டது.

"கட்டைய நீங்கதான் குடுத்தீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க. உங்க வேலையும் போச்சுன்னா அடுப்புல பூனைதான் தூங்கும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். காப்பாற்றப் பார்க்கிறாளே! பாதிப் பின்னலை அவசரமாக முடித்துவிட்டு மின்னல் எழுந்து போய்ச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"கட்டைய வெட்டினது நீங்க. வெட்ட வச்சது யாரும்மா?" என்றார் அவர்.

"அதச் சொல்லி என்னைத் தேத்தாதீங்கண்ணே."

"சரி, தேத்தல. நாளைக்கு வாயத் திறப்பீங்களா?"

"திறப்பேன். மத்தவங்க வருவாங்களா?"

"வாங்க, கேட்டுப் பாப்போம்."

இருவரும் இருட்டுவதற்குள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருத்தி அழுதாள். யாரும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை சூப்பர்வைசர் வரிசையில் நடந்தார். "அதிகாரி போற வரைக்கும் கட்டைய எல்லாம் ஒளிச்சு வைங்க." பெண்கள் இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

முதலாளியின் அறையில் அதிகாரி விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். பெண்களும் செயலாளரும் கதவோரம் நின்றார்கள்.

"இங்க யாரும் கட்டை போடறதில்ல சார்," என்றார் முதலாளி. "அந்தப் பொண்ணு மட்டும்தான். வேணும்னா எங்க சூப்பர்வைசரைக் கேளுங்க."

"வேலிக்கு ஓணான் சாட்சி," என்றார் செயலாளர்.

"அவ சொந்த அண்ணியே சொல்லுவாய்யா. நீ சொல்லும்மா."

மின்னல் மேஜையருகே போனாள்.  நீலக் கட்டையைக் கையில் எடுத்தாள்.

"இதை வெட்டினது நான்தான் சார். எல்லாருக்கும் வெட்டிக் குடுத்ததும் நான்தான். அய்யாவுக்கும் சூப்பர்வைசருக்கும் ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்."

முதலாளியின் முகம் கறுத்தது. "அப்ப உனக்கும் வேலை இல்ல. போ வெளியே."

அவள் நகரவில்லை. பின்னால் வளையல் சத்தம் கேட்டது. முந்தின நாள் கதவைச் சாத்தியவள் முன்னால் வந்து இடுப்பிலிருந்து ஒரு கட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இது என்னுது."

அடுத்தவள் வைத்தாள். அதற்கடுத்தவளும். ஒருத்தியுடையது எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது, ஒருத்தி தன்னுடையதில் துணி சுற்றியிருந்தாள். மேஜை நிறைந்தது.

"எல்லாரும் வீட்டுக்குப் போறீங்களா?" என்று கத்தினார் முதலாளி.

"இல்லீங்கய்யா," என்றாள் மின்னல். "மிஷினுக்குத்தான் போறோம். நீங்க செவுத்துல எழுதினபடி ரெண்டு கையாலயும் அழுத்தப் போறோம்."

சூப்பர்வைசர் பதறிவிட்டார். "ரெண்டு கையால அழுத்தினா கேக்கற மூடியில பாதிகூட வராதும்மா!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா முழுசா எப்படிங்க வந்துச்சு?" என்றார் செயலாளர்.

 அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலிடத்துக்கு எழுதுவதாகவும் முடிவு தெரிய நாளாகும் என்றும் சொல்லிவிட்டு எழுந்தார். நாளாகும் என்றால் எத்தனை நாள் என்பது அவருக்கும் தெரியாது. ஆனால் அத்தனை பேரையும் அன்றே வெளியே அனுப்ப முதலாளிக்கும் துணிவு வரவில்லை.

மிஷின்கள் மறுபடி ஓடின. தகரத்தை வைத்து, கையை எடுத்து, இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினார்கள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே பக்கத்தில் இருப்பவளின் இருமல்கூடக் கேட்டது.

மதியம் பெண்கள் சாப்பிட வாசலுக்கு வந்தபோது நாத்தனார் மதிலோரம் நின்றிருந்தாள், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"தெருமுனையிலேயே சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு. என்ன அண்ணி?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்ப எல்லாரும் ரெண்டு கையாலதான் அழுத்தறோம்."

நாத்தனார் தன் கையைப் பார்த்தாள். "அப்படி அழுத்த முடியும்னா அன்னிக்கே அழுத்தியிருக்கலாமே அண்ணி," என்றாள்.

மின்னல் அவளை மதில் நிழலில் உட்கார வைத்தாள். 

கதவைச் சாத்தியவள் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நாத்தனாரின் நல்ல கையருகே வைத்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நாத்தனார் ஒரு வாய் சாப்பிட்டாள்.

"மறுபடி விசாரணை வந்தா நானும் வரேன். கைய அவங்களே பாக்கட்டும்."

மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். மின்னல் உள்ளே போய், தகரத்தை வைத்துவிட்டு, பத்து விரலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு இரு கையையும் பொத்தான்களில் வைத்து அழுத்தினாள்.