குரல்வளை

சந்தையில் மீன் ஏலம் விடுகிறவர் அவர். குரல் எழுப்பினால் தெருமுனை வரை கேட்கும். தொண்டைக்குள் கட்டி வந்தது.

"லாரிஞ்செக்டமி பண்ணணும். சம்மதமா?" என்றார் டாக்டர்.

அப்படின்னா என்ன என்று மனைவி கேட்டாள்.

"கட்டியை எடுக்கிற ஆபரேஷன்மா."

அவர் கையெழுத்துப் போட்டார்.

கண்விழித்ததும் மனைவியைக் கூப்பிட்டார். கழுத்தில் போட்டிருந்த துளை வழியே வெறும் காற்றுதான் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்று நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது.

மனைவி டாக்டரைப் பிடித்துக்கொண்டாள். "பேச்சே போயிடும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? சொல்லியிருந்தா இவர் ஒத்துக்கிட்டே இருக்க மாட்டாரு!"

"தெரியும்மா. அப்புறம் ஆளே இருந்திருக்க மாட்டாரு. அதான் சொல்லலை."

"உயிர் அவரோடதுங்க. அவரைத்தானே கேட்டிருக்கணும்?"

டாக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஏலக்காரர் அந்தக் கையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.