பாலத்து விளக்கின் சிவப்பு

ஃப்ரீஸ்லாந்தில் எங்கள் ஓல்டர்ஸைல் ஊரின் கால்வாய்க்கரைத் தெருவில் ஏழாம் எண் வீட்டுக் கதவின் பச்சை நிறம், 2015 நவம்பர் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கும் பத்தே முக்காலுக்கும் இடையில் காணாமல் போனது. கதவு இருந்தது, பிடி இருந்தது, ஹில்கேயின் நாய் நகத்தால் கீறிய தடம்கூட இருந்தது. பச்சை மட்டும் இல்லை. ஹில்கேயின் தொழிலே வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பதுதான் என்பதால் முதலில் எல்லோரும் அவரைத்தான் சந்தேகித்தோம், மட்டமான சரக்கு வாங்கியிருப்பார் என்று. அவர் ரோஷத்தோடு கதவைச் சுரண்டிப் பார்த்தார். மரம் வரைக்கும் ஈயச் சாம்பல். புதிதாக ஒரு டின் பச்சை வாங்கித் தெரு முனையிலிருந்து நடந்து வந்தார். பத்தாம் எண் வீட்டு ஜன்னலைத் தாண்டி வருவதற்குள் டின்னுக்குள் இருந்ததும் சாம்பலாகிவிட்டது. புதன்கிழமை பதினோராம் எண் வீட்டுக்காரரின் வேனில் நீலம் போனது. அந்த வார முடிவில் தபால் பெட்டியின் ஆரஞ்சும், ஒன்பதாம் எண்ணில் குடியிருக்கும் க்ரீட்யேயின் மழைக்கோட்டு மஞ்சளும் போயின. கோட்டு அப்போது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது என்று அவர் இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்கிறார்.

பத்தாம் எண்ணில் இருப்பவள் வீட்ஸ்கே, எங்கள் பாலத்தைத் தூக்குகிறவள். கோடையில் படகு வந்தால் பொத்தானை அமுக்கிச் சிவப்பு விளக்கைப் போடுவாள், சாலையில் வருகிறவர்கள் நிற்பார்கள், பாலத்தைத் தூக்குவாள், தூண்டில் கயிற்றில் கட்டிய மரக்காலணியைப் படகுக்காரனிடம் இறக்கிச் சுங்கக் காசை வாங்குவாள். பத்தொன்பது வருஷமாக அதே வேலை. அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில் அவள் பாலத்தைத் தூக்கும்போது தபால்காரர் டௌவே சைக்கிளோடு அதன் மேல் இருந்தார். பாலம் நிமிர, அவர் சரிந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. விசாரணைக்கு வந்த மாகாணத்து ஆட்களிடம் டௌவே, விளக்கு எரியவே இல்லை என்றார். முப்பத்தொரு வருஷம் ஒரு கடிதத்தைக்கூட மாற்றிப் போடாத மனுஷன். ஊரே அவரை நம்பியது. நானும் நம்பினேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மாகாணத்து ஆட்கள் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். பத்தொன்பது வருஷம் அமுக்கிய பொத்தானை அன்றைக்கு அமுக்கினோமா இல்லையா என்பது வீட்ஸ்கேவுக்கே தெரியாமல் போனது. அவள் கை நடுங்கத் தொடங்கியது. செப்டம்பரில் அவள் இறக்கிய மரக்காலணி ஆடி ஆடி ஒரு ஜெர்மன்காரரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிக் கால்வாயில் தள்ளியது. டாக்டர் அவளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தார். ஏப்ரல் முதல் தேதி படகுக் காலம் தொடங்குவதற்குள் கை நடுக்கம் நிற்காவிட்டால், பாலத்தை நகரத்திலிருந்து ஒரு கேமராவே பார்த்துக்கொள்ளும் என்று மாகாணத்திலிருந்து கடிதம் வந்தது.

மனநல ஆலோசகர் அவளை வண்ணம் தீட்டச் சொன்னார். பெரியவர்களுக்கான வண்ணப் புத்தகங்கள் அப்போது எல்லாக் கடையிலும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும், ஆபீஸ் போகிறவர்களும் பிள்ளை பெற்றவர்களும் கணவனை இழந்தவர்களும் வாங்கிப் போவார்கள். வீட்ஸ்கே வாங்கியது ஒரு தோட்டத்தைப் பற்றியது, நாற்பத்தெட்டுப் பக்கம், கூடவே முப்பத்தாறு பென்சில் கொண்ட தகர டப்பா. தெருவைப் பார்த்த ஜன்னலருகே மேஜையைப் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் தெருவில் யாரும் திரைச்சீலை இழுத்து மூடுவதில்லை. மறைக்க ஏதாவது இருப்பவர்கள்தான் மூடுவார்கள். அதனால் அவள் தீட்டுவதை எல்லோரும் பார்த்தோம், அவளும் எங்கள் கதவுகளையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் தீட்டினாள். க்ரீட்யே வீட்டு ஜன்னல் சட்டத்தில் தெருவைப் பார்க்கச் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. வீட்ஸ்கே பென்சிலை எடுத்த நேரமும் நிறங்கள் போன நேரமும் ஒத்துப்போவதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். வேவு பார்க்க ஒரு பாத்திரம் பட்டாணி சூப்போடு அவரையே அனுப்பினோம். சூப்பு சாம்பலாகத்தான் போய்ச் சேர்ந்தது.

மேஜையில் திறந்திருந்த பக்கத்தில் ஒரு பெரிய இலை. ஹில்கே கதவின் அதே பச்சை, நடுவில் நாய் நகம் கீறிய தடத்தோடு.

"இது யார் வீட்டுப் பச்சைடி?"

"டப்பால பன்னெண்டாம் நம்பர் பென்சில். ஏன்?"

"அப்ப நாய் கீறினதும் டப்பாலதான் வந்துச்சா?"

வீட்ஸ்கே குனிந்து பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. பென்சிலைக் கீழே வைத்தாள். வைத்ததும் கை நடுங்கிற்று, டப்பாவின் மூடி கடகடவென்று அடித்துக்கொண்டது. திரும்ப எடுத்தாள், நின்றுவிட்டது. "நான் ஒண்ணும் வேணும்னு எடுக்கல க்ரீட்யே. ஆனா தீட்டுறப்ப மட்டும்தான் என் கை எங்கிட்ட இருக்கு" என்றாள். க்ரீட்யே பாத்திரத்தைக்கூட மறந்துவிட்டு வந்தார், அவர் வாழ்நாளில் அப்படி எதையும் மறந்ததில்லை.

ஊர்ச் சங்கக் கூட்டம் டிசம்பர் முதல் வாரம் கூடியது. அதன் குறிப்பேட்டை எழுதுகிறவன் நான்தான். புத்தகத்தைப் பிடுங்கிவிடலாம் என்றார் ஹில்கே. கதவும் தொழிலும் போனவர், அவர் ஆத்திரம் நியாயமானது. பிடுங்கினால் அவள் கை என்னாகும், பாலம் என்னாகும் என்று ரொட்டிக் கடைக்காரர் கேட்டார். கேமராவுக்குப் பாலத்தைக் கொடுக்க யாருக்கும் மனமில்லை, கேமராவிடம் குசலம் விசாரிக்க முடியாது. அப்போது பதினோராம் எண்காரர் எழுந்து, அவரவர் ஜன்னல் திரையை மூடிக்கொண்டால் உள்ளே இருக்கும் நிறமாவது தப்புமே என்றார். எல்லோரும் அவரைப் பார்த்த பார்வையில் அந்த மனுஷன் உட்கார்ந்துவிட்டார். மூன்று கஜம் துணி ஒரு ஊரின் நிறத்தைக் காப்பாற்றியிருக்கும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்ற பயம் எங்களுக்கு நிறத்தைவிடப் பெரிது. கிறிஸ்துமஸுக்குள் சோபாக்களும் தரைவிரிப்புகளும் பூனைகளும் சாம்பலாயின.

சிவப்பு மட்டும் போகவில்லை. ஓட்டுக் கூரைகள், ரொட்டிக் கடைக்காரரின் ஏப்ரன், க்ரீட்யேயின் உதட்டுச் சாயம், பாலத்து விளக்கின் கண்ணாடி எல்லாம் முன்னைவிடச் சிவப்பாக இருந்தன. இது எங்களுக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. எல்லாவற்றையும் எடுக்கிறவள் இதை எதற்கு விட்டு வைக்கிறாள்? பிப்ரவரியில் ஹில்கே நேரிலேயே போய்க் கேட்டுவிட்டார். அவள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். மற்ற நாற்பத்தேழு பக்கமும் எங்கள் தெருவாக நிறைந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் வரிசையாகப் பாப்பிப் பூக்கள், வெறும் கோடு. சிவப்புப் பென்சிலை எடுத்து அழுத்தித் தேய்த்தாள். தாளில் ஒரு தடமும் விழவில்லை. இதற்காகவே நகரத்துக்குப் போய் நாலு பென்சில் வாங்கி வந்ததாகவும் நாலும் இப்படித்தான் என்றும் சொன்னாள்.

"வேற கலர் அடிச்சிட்டுப் போயேன், யாரு கேக்கப் போறா?"

"இது பாப்பி, ஹில்கே. செவப்புதான் அதுக்கு. நீங்க பெயின்ட்டர்தானே?" பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு வெளக்கு செவப்பா இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியல. அதத் தெரியாம செவப்பு வராது போல."

தீட்டுவதற்குப் பக்கம் இல்லாததால் அவள் கை நாள் முழுக்க நடுங்கியது. வேலைக்கு ஏற்றவளா என்று டாக்டர் முடிவு செய்யும் நாள் மார்ச் பதினாலு, திங்கட்கிழமை. ஹில்கே அவளைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவள் சொன்னதைத்தான் எங்களிடம் சொன்னார், தன் கதவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பிப்ரவரியின் அதே வாரம்தான் டௌவேயின் ஜன்னலில் திரை தொங்கியது. பழுப்பு நிறம், கெட்டித் துணி, காலையிலும் மூடியே இருந்தது. வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்றார். ஃப்ரீஸ்லாந்தின் பிப்ரவரி வெளிச்சம் யார் கண்ணையும் குத்தியதில்லை. எங்கள் தெருவில் அறுபது வருஷத்தில் முதல் திரை அது. அதுவரை வீட்ஸ்கே வீட்டுப் பக்கம் திரும்பியிருந்த க்ரீட்யேயின் கண்ணாடி, ஒரு ஸ்க்ரூ தளர்த்தப்பட்டு டௌவே வீட்டுப் பக்கம் திரும்பியது. தபால் நிலையத்தில் அவரைப் பற்றிய பேச்சு அவர் உள்ளே வந்ததும் நின்றது. க்ரீட்யே ஒருநாள் அவரை வழியிலேயே மறித்தார்.

"மறைக்க ஒண்ணுமில்லன்னா தெர எதுக்குப்பா டௌவே?"

"என் வீடு, என் தெர. உங்களுக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. இடுப்பு ஒடஞ்சவனுக்குக் கண்ணு எப்படிக் கூசும்னுதான் டாக்டருங்களுக்கே புரியலையாம்."

மார்ச் பன்னிரண்டு வீட்ஸ்கேயின் பிறந்தநாள். எங்கள் எல்லார் வீட்டுக் கழிவறையிலும் பிறந்தநாள் நாட்காட்டி தொங்குகிறது, தினமும் உட்கார்ந்து பார்க்கும் பெயரை மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. சந்தேகம் வேறு, பிறந்தநாள் வேறு. பதினாலு நாற்காலி வட்டமாகப் போட்டு, பதினாலு சாம்பல் மனிதர்கள் காபிக் கோப்பையோடு உட்கார்ந்தோம். அறையில் நிறம் என்று இருந்தது க்ரீட்யேயின் உதடும் கேக்கின் மேல் தடவிய இளஞ்சிவப்பு ஐசிங்கும்தான். மூன்றரை மணிக்கு டௌவே கைத்தடியோடு உள்ளே வந்தார். வராமல் இருந்திருந்தால் அவரை நான் மதித்திருப்பேனா, தெரியவில்லை. வழக்கப்படி வட்டத்தில் ஒவ்வொருவராகக் கைகொடுத்து வாழ்த்திக்கொண்டே வந்தார், "வீட்ஸ்கே பொறந்தநாளுக்கு உங்களுக்கு வாழ்த்து", "உங்களுக்கும் வாழ்த்து" என்று. கடைசியில் அவள் முன் நின்று கையைப் பிடித்தார். அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் அவர் தோள் வரைக்கும் ஆடியது. வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தார்.

"எரிஞ்சுச்சு" என்றார். "செவப்பா எரிஞ்சுச்சு, வீட்ஸ்கே. பாத்துட்டேதான் மிதிச்சேன். தெனமும் அப்படித்தான் போவேன், நாலு நிமிஷம் யாரு நிக்கிறதுன்னு. வெளக்கப் பாத்தேன்னு சொன்னா முப்பத்தோரு வருஷப் பேரு போயிடும்னு நெனச்சேன்."

யாரும் அவரைத் திட்டவில்லை. நல்ல மனசினால் அல்ல. அந்த வட்டத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டிச் சைக்கிள் மிதிக்காதவர் ஒருவர்கூட இல்லை, ஹில்கே ஏணியையும் தூக்கிக்கொண்டு மிதித்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது, காபியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆறரை மாசம், டௌவே" என்றாள் வீட்ஸ்கே. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. கையை உருவிக்கொண்டு மேஜைக்குப் போனாள், கடைசிப் பக்கத்தைத் திறந்தாள், தேய்ந்து பாதியாகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தாள். சிவப்பு வந்தது. ஐசிங் வெளுத்தது, க்ரீட்யேயின் உதடு வெளுத்தது, ஜன்னல் வழியே கூரைகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சாம்பலாகிக்கொண்டே பாலம் வரை போவதைப் பார்த்தோம். குடிக்காமலே சிவந்திருக்கும் டௌவேயின் கன்னங்களும் அன்றைக்குப் போனவைதான். பதினோரு நிமிஷத்தில் பதினேழு பூவையும் முடித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். நாங்கள் எல்லோரும் அவள் கையைப் பார்த்தோம். கை சும்மா இருந்தது. "கேக் வெட்டுங்கப்பா, காஞ்சு போவுது" என்றார் க்ரீட்யே. ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை டாக்டர் கையெழுத்துப் போட்டார். டௌவே மாகாணத்துக்குத் தன் கைப்படக் கடிதம் எழுதி, அதைத் தானே பெட்டியில் போட்டார். திரையைக் கழற்றி ஹில்கேவுக்குப் பெயின்ட் சிந்தாமல் விரிக்கக் கொடுத்துவிட்டார். தெரு முழுவதிலும் பழுப்பு மிச்சமிருக்கும் ஒரே பொருள் அது, எப்படித் தப்பியது என்று யாருக்கும் தெரியாது. மற்ற நிறங்கள் திரும்பவில்லை. வெளியூர்க்காரர்கள் இது ஏதோ புதுப் பாணி என்று நினைத்துப் படம் எடுத்துப் போகிறார்கள். யாருக்காவது தன் கதவு என்ன நிறம் என்று மறந்துவிட்டால், பத்து மணிக் காபிக்கு வீட்ஸ்கே வீட்டுக்குப் போய்ப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வரலாம், புத்தகம் ஜன்னலோரம்தான் இருக்கிறது. பிஸ்கட் ஒன்றுதான் கிடைக்கும்.

ஏப்ரல் முதல் தேதி முதல் படகு வந்தது. மரக்காலணி நேராக இறங்கி நேராக ஏறியது. பாலத்து விளக்கில் சிவப்பு இல்லாததால் மாகாணத்திலிருந்து ஆள் வந்து மூன்று முறை கண்ணாடியை மாற்றினார். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் வெறும் கண்ணாடியானது. நாலாவது முறை அவர் வரவில்லை. இப்போது அவள் பொத்தானை அமுக்கினால் விளக்கு நிறமே இல்லாமல் எரிகிறது. எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறோம். டௌவேயும் தடியை ஊன்றிக்கொண்டு எங்களோடு நிற்கிறார், அக்கரையில் வேலை இல்லாத நாட்களிலும்.