சவர்க்காரத் தண்ணீர்

டிரைவர் கோணாமலையின் பழைய வாடகைக் காரில் பிரேக் எண்ணெய் ஓயாமல் ஒழுகியது. புதுப் பிரேக் சிலிண்டர் போடும் காசுக்கு ஒரு சோடி எருமை வாங்கலாம் என்றார் ஓட்டமாவடி மெக்கானிக் ஹலீம். சண்டையால் கடைகளில் எண்ணெயும் இல்லை. மற்ற டிரைவர்களைப் போல அவனும் எண்ணெய்க்குப் பதில் சோப்பைக் கரைத்த சவர்க்காரத் தண்ணீரை ஊற்றிக் கார் ஓட்டினான்.

காய்ச்சலில் கிடந்த மனைவி அன்னப்பூரணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அந்தக் காரின் முன்சீற்றில் அவள் முதன்முதல் ஏறியது அன்றுதான்.

வழியில் இராணுவச் சென்றிக் காவலரணுக்கு முன்னால் மிதித்தபோது பிரேக் அடிவரை இறங்கிப்போனது. கார் நிற்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் தெரியவேண்டும். கையைக் கீழே விட்டால் சுடுவார்கள். ஆமிக்காரன் துவக்கை உயர்த்திவிட்டான்.

"புள்ள, கைபிரேக்க இழு" என்று மனைவியிடம் கத்தினான்.

"அது எதுங்க?" என்று கேட்டாள் அவள்.