மணப்பெண்ணின் முகம்

எங்கள் யாமகதா பக்கத்தில், கல்யாணமாகாமல் செத்துப்போன பிள்ளைக்குப் பெற்றவர்கள் படத்திலாவது கல்யாணம் செய்து கோயிலில் மாட்டுவார்கள். பெண்ணின் முகமும் பேரும் மட்டும் கற்பனையாக இருக்க வேண்டும். உயிரோடிருப்பவளுடையதாக இருந்தால் மாப்பிள்ளை வந்து அவளை அழைத்துப்போய்விடுவான். இது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். என்னோடு வேலை செய்யும் குவபாராவுக்கும் தெரியும், தெரிந்துதான் செய்து தொலைத்தான் மடையன்!

தொகாஷி அம்மாள் தன் மகன் ஷூஜிக்காக வைத்த படம் அது. கோயில் கூரை ஒழுகி மணப்பெண்ணின் முகம் கரைந்துபோயிருந்தது. எங்கள் நகர ஓவியக்கூடத்துக்குக் காட்சிக்கு வந்தபோது, பழுதுபார்க்கும் குவபாரா முகத்தை நிரப்பினான். காட்சி திறந்ததிலிருந்து என் விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. கிடங்குக்குப் போனால் பின்னால் மரச்செருப்புச் சத்தம். திரும்பினால் யாருமில்லை.

ஒரு மதியம் தொகாஷி அம்மாள் வந்தார். படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். கண்ணெல்லாம் தண்ணீர். நான் திரும்பிப் படத்தைப் பார்த்தேன். மணப்பெண்ணின் வெள்ளைப் பூச்சும் முக்காடும் அதுவரை என்னை ஏமாற்றியிருந்தன. ஒரு புருவம் மட்டும் தூக்கலாக, அச்சு அசலாக நான்.

குவபாராவிடம் ஓடினேன்.

"அடப்பாவி, வரைய உனக்கு என் மூஞ்சிதான் கிடைச்சுதா?"

"ஐயோ அக்கா, சத்தியமா நினைச்சு வரையல. தினமும் எதிர்ல உக்காந்து திட்டுறது நீங்கதானே? கை தானா போயிடுச்சு."

"நான் செத்தா உன்னை யாருடா திட்டுவா? அழிச்சுத் தொலை!"

"ஈரப் பஞ்சு பட்டாலே போயிடும். ஆனா படம் அவங்களோடது. அவங்க சரின்னு சொல்லணும்."

எனக்குச் சாக விருப்பமில்லை. பயத்தில் அன்றிரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் தொகாஷி அம்மாள் வந்ததும் அவர் முன்னால் மண்டியிட்டேன்.

"அம்மா, அது என் முகம். அழிச்சிடலாமா?"

அவர் படத்திலிருந்த மகனைப் பார்த்தார்.

"அழிச்சிடுங்க. அடுத்தவங்க பெத்த பொண்ணைக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கு?"

குவபாரா பஞ்சை நனைத்து முகத்தின் மேல் மெல்ல உருட்டினான். புருவம் போனது, கண்ணும் வாயும் போயின. அப்பாடா என்று மூச்சு விட்டேன். எனக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

தொகாஷி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்தே உன் சட்டையில குத்தியிருந்த பேரைப் படிச்சுட்டேம்மா. காலைல வீட்டுல ஷூஜி படத்துக்கு முன்னால சோறு வைக்கும்போது, 'உன் பொண்டாட்டி பேரு மிசுஹோ'ன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்."