காசிலிங்கம் எண்ணிய அறுபது நாள்

கருப்பட்டி மண்டி காசிலிங்கம் சட்டசபை மெம்பராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, துறைமுகத்தில் தோணிப் பலகையிலிருந்து வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். ஏரல் வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அது 1947 தை மாதம்.

சபையில் ஒரு சட்டம் உண்டு. அனுமதி வாங்காமல் அறுபது நாள் வராத மெம்பரின் இடத்தைக் காலி என்று அறிவித்துவிடலாம். ஒரு லீவு கடுதாசி போட்டிருந்தால் தீர்ந்தது. சட்டம் தெரியாவிட்டாலும், ஒரு கடுதாசி போட்டுவிடுங்கள் என்று மனைவி சீனித்தாய் அன்றைக்கே சொன்னாள். ஆனால் பன்னிரண்டு வயதில் கல்லாவில் உட்கார்ந்த மனுஷர் இவர். முதலாளி எவனாவது லீவு கேட்பானா என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

படுத்த படுக்கையில் நாள் ஓடியது. மதராஸில் மாகாணப் பிரதம மந்திரியே, இப்போது முதலமைச்சர் என்கிறோமே அவரே, மாறிவிட்டார். புதுத் தலைவருக்கு ஓட்டுப் போட வேண்டியவர் இங்கே கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தார். ஐம்பதாம் நாள்தான் அந்தச் சட்டம் அவர் காதுக்கு வந்தது, அதுவும் எதிரி வாய் வழியாக. தேர்தலில் தோற்ற சிவனணைந்தபெருமாள், இன்னும் பத்தே நாளில் இடம் காலி, அப்புறம் இடைத்தேர்தல் என்று கடைவீதி முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தான். போன தடவையே முந்நூறு ஓட்டில் தப்பிப் பிழைத்தவர் காசிலிங்கம். ஒற்றைக் காலோடு மறுபடி நின்றால் ஜெயிப்பாரா? பதவி போனால் போகட்டும் என்று வாய் சொல்லியது, மனசு சொல்லவில்லை. மாலை விழுந்த கழுத்து அல்லவா.

இப்போதாவது எழுதுங்கள் என்றாள் சீனித்தாய். தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி என்னைப் பிடி என்பதா என்று சீறினார். கடைசியில் ஐம்பத்தேழாம் நாள், தோணிக்காரர் ரோச்சை வரவழைத்து, சபையில் தலைகாட்டிவிட்டு வரக் கட்டிலோடு தூக்கி மதராஸ் ரயிலில் ஏற்றிவிடச் சொன்னார். ரோச் வாலிபத்தில் முத்துக்குளிப்பில் வள்ளம் ஓட்டியவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அண்ணாச்சி, முத்துக்குளிப்புல ஞாயித்துக்கிழமைய எண்ண மாட்டோம். காத்து எழும்பி வள்ளம் போவாத நாளயும் எண்ண மாட்டோம். ஆளு கடல்ல இறங்குன நாளுதான் நாளு. ஒங்க சபை கதவச் சாத்திக் கெடந்த நாளயும் சேத்தா எண்ணுதிய?”

காசிலிங்கம் திருதிருவென்று விழித்தார். தீபாவளிக்கும் கடை திறக்கிறவர் அவர். சாத்திய நாள் என்று ஒன்று உண்டு என்பதே அவர் புத்திக்கு எட்டவில்லை.

சீனித்தாய் அவரைக் கேட்கவேயில்லை. நேரே ஆள் அனுப்பிச் சபை ஆபீசுக்குத் தந்தி கொடுத்துவிட்டாள். மறுநாள் பதில் வந்தது. நாலு நாளுக்கு மேல் சபை ஒத்திவைக்கப்பட்டிருந்த காலம் எல்லாம் கணக்கில் சேராதாம். அவர் வராத நாள் இருபத்தாறுதான், அனுமதி கேட்டு உடனே எழுதவும் என்றிருந்தது.

அப்பாடா! ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. காசிலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெட்கமில்லாமல். அன்று மத்தியானம் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். லீவு கடுதாசியிலும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து சக மெம்பர் ஆறுமுகநயினார் கடிதம் எழுதியிருந்தார். லீவு மஞ்சூராகிவிட்டது, ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், சபையில் பாதிப் பேருக்கு நீங்கள் வராததே தெரியாது. மீதிப் பாதி, யார் அந்தக் காசிலிங்கம் என்று கேட்டார்கள்.

காசிலிங்கம் கால் வலிக்க வலிக்கச் சிரித்தார். இதற்காகவா கட்டிலோடு ரயிலேறப் பார்த்தோம்! சீனித்தாயும் கூடச் சிரித்துவிட்டு, பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“கீழே விழுறதுக்கு முந்தி அத்தன தடவ போனியளே, அங்கன ஒரு வார்த்தையாவது பேசுனியளா?”

“இல்லளா,” என்றார் காசிலிங்கம்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் மனசு லேசாகத்தான் இருந்தது. பதவி கைவிட்டுப் போகவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அன்றைக்குத்தான் முதல்தடவையாக யோசித்தார்.