அலசாத பஞ்சு

1
நன்றி சொல்லத் தெரியாதவன் எழுதும் கதை இது. முதல் வரியை இரண்டு முறை அடித்துவிட்டேன். "மீன்தொட்டியில் டீசல் கலந்த அன்று காலை…" செய்தித்தாள் வாடை அடிக்கிறது. "தலையணை தைக்கும் அண்ணிக்கு மீன் என்றால் உயிர்…" பச்சைப் பொய். அண்ணிக்கு மீன் வாடையே ஆகாது.

2
அண்ணன் அலங்கார மீன் பண்ணை வைத்திருப்பவர். வாசல் தொட்டியில் இருந்தவை ஆறு வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த தாய்மீன்கள். தொட்டியை ஒட்டி, தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின். அதைப் பார்க்க வந்த மெக்கானிக் எண்ணெய்க் குழாயை மூடாமல் [இந்த மெக்கானிக்கை நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்] போய்விட்டான். தண்ணீர் முழுக்க எண்ணெய்ப் படலம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

தையல் அறையிலிருந்து அண்ணி இலவம் பஞ்சை அள்ளி வந்தார். மெஷின் எண்ணெய் சிந்தினால் அதில்தான் ஒற்றி எடுப்பார். ஆனால் சுத்தம் பார்க்கிற கை சும்மா இருக்குமா? மீனுக்குத் தூசி ஆகாதே என்று சோப்புத்தூளில் அலசிப் பிழிந்து போட்டார். பஞ்சு நேரே அடியில் போய் உட்கார்ந்தது.*

* இலவம் பஞ்சில் மெழுகு உண்டு. தண்ணீரை அண்டவிடாது, எண்ணெயைக் குடிக்கும். சோப்பு அந்த மெழுகைக் கழுவிவிட்டது. இதெல்லாம் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது.

அண்ணி விடவில்லை. அலசாத பஞ்சைக் கொசுவலைத் துணியில் திணித்து, தலையணை தலையணையாக மிதக்கவிட்டார். அவை எண்ணெய் ஏறிக் கனத்தன. பிழிந்து பிழிந்து மறுபடி போட்டார். மதியத்துக்குள் தண்ணீர் தெளிந்தது. பதினொரு மீன்கள் செத்தன, மற்றவை பிழைத்தன.

3
மெக்கானிக் யாரும் வரவில்லை. போனில் பேசிக்கொண்டே குழாயை மூட மறந்தவன் நான். இன்னொரு தடவை கவனம் பிசகினால் பண்ணைப் பக்கமே வராதே என்று முந்தின வாரம்தான் அண்ணன் சொல்லியிருந்தார்.

பஞ்சை அள்ளப் போகும் முன்பே அண்ணி திறந்திருந்த குழாயைப் பார்த்தார். மூடினார். இடுப்பிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, இன்ஜினுக்கு டீசல் போகும் ரப்பர் டியூபில் ஒரு கீறல் போட்டார்.

"டியூப் விட்டுப்போச்சுங்க," என்றார் அண்ணனிடம். என்னிடம், "நீ போய் வாளி எடுத்துட்டு வா தம்பி." அவ்வளவுதான். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

4
முடிவு ஒன்று: அண்ணியிடம் நன்றி சொல்கிறேன், அவர் கண்கலங்க… சேச்சே. வேற வேலை இல்லையா என்பார்.

முடிவு இரண்டு: யாருக்கும் தெரியாமலே எல்லோரும்

(இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.)

நான் எழுதுவதை முதலில் படித்துப் பிழை திருத்துபவர் அண்ணன். இந்நேரம் இந்த வரிக்கு வந்திருப்பார். அண்ணே, குழாயை மூடாம விட்டது நான்தான். அண்ணிய ஒண்ணும் சொல்லாதீங்க. பக்கத்து அறையில் அவருடைய மெஷின் ஓடுகிறது, கேட்கிறதா? சிவப்புப் பேனா உங்கள் கையில். முடிவை நீங்களே எழுதிவிடுங்கள்.